பிறர் பாட்டுக்குத் தாளம்: டிரம்ஸ் சிவமணியும் அவருக்கு முந்திய கைகளும்

தாம்பரத்திற்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அந்தத் தடத்தின் நிலையங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், மேற்கத்திய முரசு நம் பக்கம் வந்து சேர்ந்த வழி ஓரளவு விளங்கிவிடும். குரோம்பேட்டையும் பல்லாவரமும் தோல் பதனிட்ட ஊர்கள். குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தோல் வணிகம் தலைமுறைத் தொழில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முரசு எந்த நாட்டதாயினும் முதலில் வேண்டியது ஆட்டுத்தோலோ கன்றுத்தோலோதான். டிரம்ஸ் கருவிக்குப் பிளாஸ்டிக் முகப்பு வந்தது 1950-களின் பிற்பகுதியில்.

அடுத்து பரங்கிமலை. ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபரங்கி’ என்னும் பாரசீகச் சொல் நம் நாவில் ‘பரங்கி’ ஆகி அந்த மலையின் பெயரில் ஒட்டிக்கொண்டது. மலையடிவாரத்திலும் பல்லாவரத்திலும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் மிகுதியாக வாழ்ந்தன. ரயில்வேயிலும் தந்தித் துறையிலும் வேலை பார்த்த அந்தக் குடும்பங்களில் பியானோவோ கிதாரோ வாசிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். நடன விருந்துகளுக்கு அவர்களே வாசித்தார்கள். அதே தடத்தில் இன்னும் சில நிலையங்கள் தாண்டினால் கோடம்பாக்கம். தமிழ்த் திரைப்படம் மேற்கத்திய இசையைக் கேட்கத் தொடங்கியபோது, சாக்ஸபோனும் டிரம்பெட்டும் டிரம்ஸும் அறிந்த கைகளுக்கு அங்கே வேலை கிடைத்தது.

அந்த வேலையின் தன்மையை அறிந்துகொண்டால்தான் சிவமணியின் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பது புரியும். ஒலிப்பதிவுக் கூடத்துத் தாளக் கலைஞர் காலையில் வருவார். அன்று எந்தப் படம், எந்தப் பாட்டு என்பது வந்த பிறகே தெரியும். ஒத்திகை பார்த்து, பதிவு முடித்து, அன்றைய ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு போவார். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும்; பாடியவர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் வானொலியில் வரும்; அடித்தவர் பெயர் எங்கும் வராது. அவர் கணக்குத் தப்பினால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். தப்பாமல் வாசித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனிக்கப்படாமல் இருப்பதுதான் அங்கே திறமைக்கு அடையாளம்.

எஸ். எம். ஆனந்தன் அப்படிப்பட்ட தாளக் கலைஞர்களில் ஒருவர். அவருடைய மகன்தான் 1959 டிசம்பர் 1-ஆம் நாள் சென்னையில் பிறந்த சிவமணி. ஏழு வயதிலேயே அவர் குச்சியைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்தச் சிறுவன் முன்னால் அமர்ந்த கருவியின் வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அதில் நமக்கு நெருக்கமான பக்கமும் உண்டு. டிரம்ஸ் அமெரிக்கக் கருவி என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது அமெரிக்காதான். சேர்க்கப்பட்ட உறுப்புகளோ பல நாட்டவை. காலால் அடிக்கும் பெருமுரசும் பளபளக்கும் பித்தளை நிறத் தட்டும் ஐரோப்பிய இசைக்குள் வந்தது உஸ்மானியப் பேரரசின் ‘மெஹ்தர்’ என்னும் படை இசைக்குழுவிடமிருந்து. சுல்தானின் படை நகரும்போது பெருமுரசு, நகரா, சுர்னா, ஜில் எனப்படும் தாளத்தட்டு ஆகியவை முழங்கிச் செல்லும். போர்க்களத்தில் அந்த ஓசையைக் கேட்டு அஞ்சிய ஐரோப்பியர், 18-ஆம் நூற்றாண்டில் தங்கள் படைகளிலேயே அதைச் சேர்த்துக்கொண்டார்கள். துருக்கிய அரண்மனையைக் கதைக்களமாகக் கொண்டு மொஸார்ட் 1782-இல் அரங்கேற்றிய இசை நாடகத்தில் அந்தப் பெருமுரசும் தாளத்தட்டும் ஒலிக்கின்றன.

தாளத்தட்டின் கதை இன்னும் சுவையானது. இஸ்தான்புல்லில் வாழ்ந்த அவெதிஸ் என்னும் ஆர்மீனியர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செம்பையும் வெள்ளீயத்தையும் கலந்து, உடையாமல் நெடுநேரம் ஒலிக்கும் ஓர் உலோகக் கலவையைக் கண்டுபிடித்தார். அரசவை அவருக்கு வழங்கிய பெயர் ஸில்ஜியான்; தாளத்தட்டு செய்பவரின் மகன் என்பது அதன் பொருள். குடும்பத்துக்குள்ளேயே காத்துவந்த அந்தக் கலவை இரகசியம் 1929-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போனது. இன்று உலகெங்கும் டிரம்ஸ் வாசிப்பவர்களுக்கு ஸில்ஜியான் வீட்டுப் பெயர் போலப் பழக்கமானது. நாகூர் தர்காவில் முழங்கும் நகராவும் ஐரோப்பிய இசை அரங்கின் பெரிய கெண்டி வடிவ முரசும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறோம். பழைய ஆங்கிலத்தில் அந்த முரசுக்கு வழங்கிய பெயரே நகராவின் திரிபுதான்.

(இசையைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு இக்கட்டுரையின் பொருள் அன்று. அது ஆலிம்களின் துறை. கருத்து வேறுபாடு இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். நிகாஹை ஊரறியச் செய்ய தஃப் முழக்குவது வரை அனைவரும் ஒப்புக்கொண்டதே. நாம் இங்கே எழுதுவது வரலாறு.)

நியூ ஆர்லியன்ஸ் நகரில் இவையெல்லாம் ஒருவர் முன்னால் குவிந்ததற்குக் காரணம் கலை மட்டுமன்று, கூலியும்தான். ஊர்வல இசைக்குழுவில் பெருமுரசுக்கு ஓர் ஆள், சிறு முரசுக்கு ஓர் ஆள், தாளத்தட்டுக்கு ஓர் ஆள் என மூவர் வேண்டும். நடன அரங்கின் குறுகிய மேடையில் மூவருக்கு இடமில்லை. மூவருக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனமும் இல்லை. ஆகவே ஒருவரே அமர்ந்து அனைத்தையும் அடிக்கப் பழகினார். லுட்விக் என்பவர் 1909-இல் நல்ல மிதிகட்டை ஒன்றைச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்ததும் பெருமுரசு காலுக்கு இறங்கியது. 1920-களில் தாளத்தட்டு இணை ஒன்று இடது காலுக்குக் கீழே வந்தது. இரு கை, இரு கால் என நான்கும் நான்கு வேலை பார்க்கும் இந்தக் கருவி, இரண்டு பேருடைய பிழைப்பை எடுத்துக்கொண்டே பிறந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜாஸ் இசையில் அந்தக் கருவி காலத்தை எண்ணிச் சொல்லும் கடிகாரமாக மட்டும் நிற்காமல், பாட்டோடு பேசத் தொடங்கியது. அதைச் செய்தவர்களில் இருவர் பிட்ஸ்பர்க் நகரத்துக்காரர்கள். கென்னி கிளார்க், அதுவரை பெருமுரசில் இடைவிடாமல் அடிக்கப்பட்டுவந்த கால அளவைத் தாளத்தட்டுக்கு மாற்றினார். காலுக்கு விடுதலை கிடைத்தது. நினைத்த இடத்தில் அழுத்தம் கொடுக்க முடிந்தது. மற்றவர் ஆர்ட் பிளேக்கி. ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ என்னும் குழுவை 1990-இல் மறையும் வரை நடத்தி, இளைஞர்களை ஆளாக்கி அனுப்பிக்கொண்டே இருந்தவர். இருவரும் 1940-களில் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். கிளார்க் லியாகத் அலி சலாம் ஆனார். பிளேக்கி அப்துல்லாஹ் இப்னு புஹைனா ஆனார். நண்பர்கள் பிளேக்கியை ‘பு’ என்றே கடைசிவரை அழைத்தார்கள்.

கறுப்பின இசைக் கலைஞர்கள் பலருக்கு இஸ்லாம் அறிமுகமானது, பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாபிலிருந்து அமெரிக்கா சென்ற அஹ்மதிய்யா பரப்புரையாளர்கள் வழியே. வெள்ளையர் உணவகத்தில் கறுப்பருக்கு இடமில்லாத காலம் அது. முஸ்லிம் பெயர் சொன்னால் ‘நீக்ரோ’ என்ற பட்டியலிலிருந்து வெளியேறிவிடலாம் என்பதும் சிலரை ஈர்த்தது என்று டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதை மட்டும் காரணமாகக் கொள்வது அவர்களுக்கு அநீதி. தம் பெயரைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை, அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த இசை சென்னைக்கு நேரிலும் வந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை 1958-இல் டேவ் புரூபெக் குழுவைத் துருக்கி, ஈரான், ஈராக், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை என நீண்ட பயணத்துக்கு அனுப்பியது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் ஜோ மொரெல்லோ. சிறுவயது முதலே பார்வை மங்கியவர், வயலினில் தொடங்கிப் பின் முரசுக்கு வந்தவர். சென்னையில் அவர்கள் மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தார்கள். இடக்கையால் வாசித்து, மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் புதுக்கோட்டை மரபின் கணக்குகளைக் கரைத்துக் குடித்தவர் பழனி. இரு தாள மரபினர் ஒரே ஊரில் எதிரெதிரே அமர்ந்தது நம் நகரத்தின் இசை வரலாற்றில் சிறிய செய்தி அன்று. மறு ஆண்டு அந்தக் குழு ஐந்து எண்ணிக்கையில் அமைந்த ஒரு பாட்டையும் ஒன்பது எண்ணிக்கையில் அமைந்த மற்றொரு பாட்டையும் பதிவு செய்து உலகப் புகழ் பெற்றது. ஒன்பது எண்ணிக்கையைப் புரூபெக் கேட்டது இஸ்தான்புல் தெருவில். ஐந்துக்குச் சென்னைதான் காரணம் என்று பெருமை பேச நமக்கு இடமில்லை. ஆனால் ஐந்தும் ஏழும் ஒன்பதும் இங்கே குழந்தைகள் கையால் தட்டிப் பழகும் கணக்குகள்.

பழனியும் மொரெல்லோவும் சந்தித்தபோது சிவமணி பிறக்கவில்லை. அவர் வளர்ந்த சென்னையில் அந்த இரு மரபுகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு பக்கம் நோயல் கிராண்ட் போன்ற மேற்கத்திய முறை டிரம்ஸ் கலைஞர்கள். தம்மை ஈர்த்தவர்களுள் கிராண்டின் பெயரைச் சிவமணி முதலில் சொல்வார். மறுபக்கம் குன்னக்குடி வைத்தியநாதனின் வயலின், வலயப்பட்டி சுப்பிரமணியத்தின் தவில், விக்கு விநாயக்ராமின் கடம், டி. வி. கோபாலகிருஷ்ணனின் மிருதங்கம். இவர்களோடெல்லாம் அவர் மேடையில் அமர்ந்தார். கர்நாடக மேடையில் அமெரிக்க டிரம்ஸ் என்றால் முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் தவிலின் வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கணக்கோடு முடித்துவிட்டால் சுளித்த முகத்துக்கு வேறு வேலை இல்லை. சொற்கட்டை வாயால் சொல்லிவிட்டுக் கருவியில் எடுக்கும் நம் முறைதான், மேலை நாட்டு டிரம்ஸ் கலைஞர்களிடமிருந்து அவரை இன்றளவும் பிரித்துக் காட்டுகிறது.

அவரை ஒலிப்பதிவுக் கூடத்தின் மறைவிலிருந்து மக்கள் முன் கொண்டுவந்தவர் எஸ். பி. பாலசுப்பிரமணியம். தம் மெல்லிசை நிகழ்ச்சிகளுக்கு இளைஞர் சிவமணியை அழைத்துச் சென்றார். பாடுவதற்கு நடுவே அவரைத் தனியே வாசிக்க விட்டுத் தாம் ஒதுங்கி நின்றார். பாடகருக்காகக் கூடிய கூட்டம், தாளக்காரரைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அந்த மேடைகளில்தான். எஸ்.பி.பி.யைத் தம் ஞானத்தந்தை என்று சிவமணி பலமுறை சொல்லியிருக்கிறார். புகழின் உச்சியில் நின்ற ஒருவர், பின்னால் அமர்ந்திருப்பவருக்கு வெளிச்சத்தைத் திருப்புவது அன்றும் அரிது, இன்றும் அரிது.

1990-ஆம் ஆண்டு மும்பை ரங் பவன் அரங்கில் பில்லி கோபமுடன் அவர் வாசித்தார். பனாமாவில் பிறந்த கோபம், மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழுவின் வழியே ஜாஸையும் ராக் இசையையும் இணைத்த டிரம்ஸ் மேதை. தொலைவிலிருந்து இசைத்தட்டில் கேட்டுப் பழகிய ஒருவரின் பக்கத்திலேயே அமர்ந்து வாசிப்பது எத்தகைய தருணம் என்று விளக்க வேண்டியதில்லை. ரங் பவன், 1978-இல் தொடங்கிய ‘ஜாஸ் யாத்ரா’ விழாவின் அரங்கு. உலக ஜாஸ் கலைஞர்கள் வந்துபோன இடம். சென்னைத் திரையிசைத் தாளக்காரர் ஒருவரின் மகன் அங்கே ஏறியதைப் பெரிய செய்தியாகவே நாம் கருதுகிறோம்.

சிவமணியை ஜாஸ் கலைஞர் என்று சொல்லலாமா? கறாராகப் பார்த்தால் முழுமையாகச் சொல்ல முடியாது. பிளேக்கியைப் போல ஜாஸ் குழு ஒன்றை முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தியவர் அல்லர். திரையிசை, மெல்லிசை, கர்நாடக இசை, ஜாஸ் எல்லாவற்றிலும் நடமாடுபவர். சில நேரம் வேடிக்கை மிகுந்துவிடுகிறது என்றும் தோன்றும். தண்ணீர்க் கேனையும் பயணப் பெட்டியையும் தட்டி அவர் கைதட்டல் வாங்குவதைக் காணும்போது, அவருடைய கணக்கு ஞானம் கேளிக்கையில் மறைந்துபோகிறதே என்று நமக்குச் சிறு வருத்தம் உண்டு. ஆனால் எழுதிவைக்காததை அந்தக் கணத்தில் படைப்பதே ஜாஸின் உயிர் என்றால், அந்த உயிர் அவரிடம் இருக்கிறது.

இங்கே இன்னொரு மகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆர். கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசை அமைத்தவர். பிறருடைய பாடல்களுக்கு இசைக்கோவை எழுதி, குழுவை நடத்தியவர். ஆனந்தனைப் போலவே மக்கள் முகம் அறியாத உழைப்பாளி. 1976-இல் அவர் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. பள்ளி வயதிலேயே கீபோர்டு வாசிக்கப் போன அந்தச் சிறுவன் திலீப்குமார், பின்னாளில் குடும்பத்தோடு இஸ்லாத்தைத் தழுவி ஏ. ஆர். ரஹ்மான் ஆனார். திரைப்படத்துக்கு வருமுன் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலிய நண்பர்களோடு ‘ரூட்ஸ்’ என்ற குழுவில் ரஹ்மான் கீபோர்டு வாசித்தார். ஒலிப்பதிவுக் கூடத்து உழைப்பாளிகள் இருவரின் பிள்ளைகள், தமக்குப் பிடித்ததைத் தாமே வாசித்துப் பார்த்த இடம் அது.

1992-இல் ரோஜா வந்தது. அதன் பிறகு ரஹ்மானின் பாடல்களிலும் உலக மேடைகளிலும் சிவமணி உடன் சென்றார். ரஹ்மான் செய்த ஒரு காரியம் போதிய அளவு பேசப்படவில்லை என்பது நம் எண்ணம். ஒலிநாடா உறையிலும் குறுந்தகட்டு உறையிலும் வாசித்த கலைஞர்களின் பெயர்களை அவர் அச்சிட்டார். புல்லாங்குழல் இன்னார், கிதார் இன்னார், தாளம் இன்னார் என்று வீட்டில் அமர்ந்து படிக்க முடிந்தது. ஆனந்தன், சேகர் தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று அது.

ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1980-இல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தாள இயந்திரங்கள் விற்பனைக்கு வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் குச்சியால் தட்டினால் எந்த முரசின் ஓசையையும் தரும் மின் பலகைகள் வந்தன. ரஹ்மானின் முறையோ கணினியை நடுவில் வைத்தது. நாற்பது ஐம்பது பேர் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே மூச்சில் வாசித்த பழைய முறை மெல்ல மறைந்தது. இளையராஜா குழுவில் பல்லாண்டுகள் டிரம்ஸ் வாசித்தவரும் குழுவை நடத்தியவருமான புருஷோத்தமன் 2020-இல் மறைந்தபோது, பழைய பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவருடைய பெயரைத் தேடித் தேடி எழுதினார்கள். அந்தப் பாடல்கள் வந்த நாளில் அப்படி எழுதியவர் எத்தனை பேர்? மூவர் வேலையை ஒருவருக்குத் தந்து பிறந்த கருவி, அந்த ஒருவரின் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டது. தாளக்காரரின் பெயர் அச்சில் ஏறிய அதே காலத்தில், தாளக்காரர் தேவைப்படும் இடங்கள் குறைந்தன. இதற்காக ரஹ்மானையோ வேறு எவரையோ குறை சொல்வது பொருந்தாது. உலகம் முழுவதும் இதுதான் நடந்தது.

தாம்பரம், பல்லாவரம் பக்கத்து மண்டபங்களில் வரவேற்பு நிகழ்ச்சிக்கு வரும் மெல்லிசைக் குழுக்களைப் பார்த்தாலே இது தெரியும். தபேலா, டோலக், டிரம்ஸ் என்று தாளத்துக்கே மூன்று நான்கு பேர் வந்த காலம் உண்டு. இப்போது பல குழுக்களில் ஒருவர், மடியளவு மின் பலகை ஒன்று, அதைத் தாங்கும் நிலை ஒன்று. பலகையில் பறையும் உண்டு, தவிலும் உண்டு, தர்புகாவும் உண்டு. மேடைக்குப் பின்னே தொங்கும் துணிப் பதாகையில் பாடகர் படம் இருக்கும்.

சிவமணி தப்பித்தது, பார்க்கத்தக்கவராகத் தம்மை ஆக்கிக்கொண்டதால்தான் என்று தோன்றுகிறது. இயந்திரம் அடிக்கும், ஆனால் வியர்க்காது. தண்ணீர்க் கேனைப் பற்றி மேலே நாம் சொன்ன குறையை இந்த இடத்தில் சற்றுத் தளர்த்திக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கிய பின் சேப்பாக்கத்தில் சென்னை அணிக்காக அவர் முழக்கியபோது, ஜாஸ் என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளைகளுக்கும் ‘டிரம்ஸ் சிவமணி’ தெரிந்தது. பெயருக்கு முன்னால் கருவி ஒட்டிக்கொண்டது. பாடகருக்கோ நடிகருக்கோ கிடைப்பது போன்ற புகழ் தாளக்காரருக்குக் கிடைத்தது. 2014-இல் அரிமா நம்பி படத்துக்கு இசையமைப்பாளரானார். தமிழக அரசின் கலைமாமணி விருதும் 2019-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் எஸ்.பி.பி. மறைந்தார்.

இன்றைக்கும் அவர் மேடை ஏறும்போது அவரைச் சுற்றி நிற்பவை: மிதிகட்டையோடு பெருமுரசு, உஸ்மானியப் படையின் வழித்தோன்றலான தாளத்தட்டுகள், அரபு நாட்டுத் தர்புகா, உடுக்கை, கடம், தஃபின் தம்பியைப் போன்ற கஞ்சிரா, நீளக் குழாய் வடிவச் சிறு முரசுகள், சில நாள் ஒரு வாளி. இவற்றை ஏற்றவும் இறக்கவும் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைக்கவும் ஓர் ஆள் போதாது.